வில்லங்கம் இல்லாத வீடு

வீட்டை விற்கப்போகிறோம் என்றதும் திருப்பரங்குன்றத்தில் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே யோசனைகளைத்தான் சொன்னார்கள். சுவருக்கு வெளிர் நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள். ஓதம் அடித்த இடத்தைப் பட்டி பார்த்து மூடிவிடுங்கள். அடுப்படிப் பரணில் அடுக்கியிருக்கும் பாத்திரங்களை எடுத்துவிட்டால் இடம் பெரிதாகத் தெரியும். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லும் அம்மியும் வீட்டின் வயதைக் காட்டிக்கொடுக்கும். மாலை போட்ட அப்பா படம் கூடத்தில் வேண்டாம். தரகர் மட்டும் கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: "ஆளுக வந்து பாக்குற நேரத்துல அம்மா உள் ரூம்ல இருக்கட்டும் டீச்சர். வாசல்ல நின்னா... ஒங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அப்பா 2023இல் இறந்துபோனார். நெற்றி வெறுமையாக இருக்கும் பெண் எதிரே வந்தால் வாங்குகிறவர் மனம் மாறிவிடும் என்பது தரகரின் தொழில் அனுபவம். அவர் கெட்டவர் இல்லை. வீடு சீக்கிரம் போக வேண்டும், நல்ல விலைக்குப் போக வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பட்டியலை எழுதி வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வீட்டிலிருந்து அகற்றச் சொன்ன பொருள்களில் முக்கால்வாசி அம்மாவின் கை பட்டுத் தேய்ந்தவை. கடைசியாக அகற்றச் சொன்னது அம்மாவையே.

இந்த வீட்டின் மனையை அப்பா 1978இல் வாங்கினார். 1981இல் வீடு கட்டி முடிந்தது. அப்பா மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி விற்ற பணத்தில்தான் அஸ்திவாரம் எழும்பியது. மீதி நகை அடகுக்குப் போய், ஒவ்வொன்றாக முழுகிப்போனது. கட்டடம் எழும்பியபோது பூச்சுக்கும் தளத்துக்கும் தண்ணீர் விட்டு நனைக்க ஆள் வைக்கவில்லை. தெருமுனைக் குழாயிலிருந்து காலையிலும் மாலையிலும் அம்மாதான் குடம் குடமாகத் தூக்கி ஊற்றினார். இடுப்பில் ஒரு பக்கம் குடம், இன்னொரு பக்கம் இரண்டு வயதான நான் என்று அக்கா சொல்வாள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்த கணக்கு அப்பாவின் நோட்டில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய கணக்கு எங்கேயும் இல்லை. பத்திரம் அப்பா பெயரில், வீட்டு வரி அப்பா பெயரில், மின் இணைப்பு அப்பா பெயரில்.

இருபது வருடமாக வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு சொல் இருக்கிறது, மனைக்கிழத்தி. கிழமை என்றால் உரிமை. கிழவன், கிழத்தி என்று தொல்காப்பியம் சொல்வது வயதானவர்களை அல்ல, உரிமை உடையவர்களை. அப்படியானால் மனைக்கிழத்தி என்பவள் மனைக்கு உரிமை உடையவள். இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள்; அதையே ஆண்பாலாக்கி இல்லான் என்றால் ஏதும் இல்லாதவன். மொழி இவ்வளவு தாராளமாக எழுதிக்கொடுத்த உரிமை, சார்பதிவாளர் அலுவலகத்தின் புத்தகங்களில் மட்டும் எப்படியோ ஏறாமல் போயிருக்கிறது.

வீட்டை விற்பதற்கு முன்னால் தயாராக வேண்டியவை சுவர்கள் அல்ல, காகிதங்கள். வாங்குகிறவர் வங்கிக் கடன் போடுகிறவர் என்றால் வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரம் கேட்பார். முப்பது வருட வில்லங்கச் சான்று கேட்பார். பட்டா, வரி ரசீது கேட்பார். திருப்பரங்குன்றம் முன்பு தனி நகராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் பழைய வரி ரசீதுகளில் ஒரு எண், புதியவற்றில் வேறொரு எண். இரண்டும் ஒரே வீடுதான் என்று காட்ட வேண்டும். சொத்துக்காரர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். எங்கள் சான்றிதழில் நான்கு பெயர்கள் இருந்தன: அம்மா, அக்கா, அண்ணன், நான்.

அந்த நான்கு பெயர்களைப் பார்த்துவிட்டு ஆவண எழுத்தர் கேட்ட முதல் கேள்வி: "பொம்பளப் பிள்ளைக கையெழுத்துக்கு ஒண்ணும் வில்லங்கம் வராதுல்ல?"

எங்களைத்தான் வில்லங்கம் என்றார். அடமானம், நீதிமன்றத் தடை, எல்லைத் தகராறு போல மகள்களும் சொத்தின் மேல் இருக்கும் ஒரு சிக்கல்; விற்பதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவர்கள். தீர்வும் அவரே சொன்னார். அக்காவும் நானும் அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டால் கிரையம் சுலபமாக முடியும்.

வீடு என்ற சொல்லே 'விடு' என்ற வேரிலிருந்து வருவது. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது வீடு என்றால் எல்லாவற்றையும் விட்டு நிற்கும் பேறு. பெண்ணுக்கு மட்டும் இந்தச் சொல்லாராய்ச்சியை நடைமுறையில் செய்து காட்டுகிறார்கள். அவளுக்கு வீடு என்பது விடுதலைப் பத்திரத்தில் போய் முடிகிறது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு அரசு சலுகையும் தருகிறது. முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும், எவ்வளவு பெரிய சொத்தானாலும் தீர்வை 40,000 ரூபாயையும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டாது. ஒரு பெண் தன் பெயரில் சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்பதும் 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனால் அது 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைதான். 10 லட்சத்துக்கு எங்கள் பக்கத்தில் என்ன வீடு கிடைக்கும் என்று எந்தத் தரகரைக் கேட்டாலும் சிரிப்பார். பெண் சொத்தை வாங்குவதைவிட விட்டுக்கொடுப்பது மலிவு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவிகள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும் மகள் பிரித்துக் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றது. அந்த வீட்டில் தங்கும் உரிமைகூட மணமாகாதவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும், பிரிந்து வாழ்பவளுக்கும், கைம்பெண்ணுக்கும்தான். மணமாகிக் கணவனோடு வாழ்பவளுக்கு இல்லை. அந்தப் பிரிவை நீக்க 2005 வரை ஆனது.

பூர்வீகச் சொத்து வேறு கணக்கு. தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது இல்லை. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தை எடுத்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் மாநிலத்திலிருந்து போன அருணாசல கவுண்டர் வழக்கில் 2022 ஜனவரியில் இன்னும் பின்னால் போய், 1956க்கு முன்பே உயிலில்லாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியமும் மகளுக்கு வரும் என்று தீர்ப்பானது. அந்த மகள் குப்பாயி அம்மாள், தீர்ப்பு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இறந்துவிட்டார்.

இந்தத் தேதிகளையெல்லாம் போட்டுக் குழப்பித்தான் எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது. அக்காவுக்கு 1987இல் கல்யாணம். "பெரியவளுக்குத்தான் 89க்கு முன்னாடியே ஆயிருச்சே, அவளுக்குப் பங்கே கிடையாது" என்று ஒரு சித்தப்பா அடித்துச் சொன்னார். அந்தத் தேதி பூர்வீகச் சொத்துக்கு வந்தது, அதுவும் 2005க்குப் பிறகு செல்லாது. இது அப்பாவின் சம்பாத்தியம், இதில் 1956லிருந்தே மகளுக்குப் பங்கு என்று நான் சொன்னதை, தமிழ் டீச்சருக்குச் சட்டம் எதுக்கு என்பதுபோலக் கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பேசச் சுலபமாக இருந்திருக்கும். "பாப்பா, நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா வேலை சட்டுன்னு முடிஞ்சிரும். அம்மாவ நாந்தான பாத்துக்கப் போறேன்" என்றான். மதினி என் கல்யாணத்துக்குப் போட்ட முப்பது பவுனை நினைவுபடுத்தினாள். அண்ணன் பொறியியல் படிக்கக் கட்டிய பணத்தை யாரும் சீராகக் கணக்கு வைப்பதில்லை.

அக்காதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தாள். கையெழுத்துப் போட அவள் தயாராகவே வந்திருந்தாள். "எனக்கு எதுக்குடி காசு? தம்பி மூஞ்சி கோணக் கூடாது. நாளைக்கு எம் பேத்திக்குக் காது குத்துனா பொறந்த வீட்டுச் சீருன்னு ஒரு தட்டு வரணுமா இல்லையா?" என்றாள்.

அக்கா பேசியது பேராசை இல்லாத தியாகம் அல்ல. அவளிடமும் ஒரு கணக்கு இருந்தது. பிறந்த வீட்டு வாசல் தனக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். புருஷன் அடித்தால் வந்து நிற்க, பிரசவத்துக்கு வந்து படுக்க, தீபாவளிக்கு ஒரு சேலை வாங்கிக்கொள்ள, ஒரு வாசல். அந்த வாசலுக்கு அவள் தரும் விலைதான் விடுதலைப் பத்திரம். எழுதப்படாத இந்த ஒப்பந்தத்தை எத்தனையோ அண்ணன் தம்பிகள் மனதாரக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. என் அண்ணனும் காப்பாற்றுகிறவன்தான்.

ஆனால் இப்போது விற்பது அந்த வாசலையே. அக்காவிடம் நான் சட்டம் பேசவில்லை. "கையெழுத்துப் போடு. போட்டுட்டு ஆடிக்கு எந்த வாசலுக்கு வருவ?" என்று மட்டும் கேட்டேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மா எங்க இருப்பா?" என்றாள். வீட்டை விற்கும் பேச்சு தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்கவில்லை.

எங்கள் ஊரில் இப்படிக் கேட்பது இன்னும் சிரமம். திருப்பரங்குன்றம் கல்யாண ஊர். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த இடம் என்பதால் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. விடியற்காலையிலிருந்து மேளச் சத்தம்; மதியத்துக்குள் நூறு பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சித்திரையில் மீனாட்சி கல்யாணத்துக்குத் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்க எங்கள் ஊர்ப் பவளக்கனிவாய்ப் பெருமாள்தான் மதுரைக்குப் போகிறார். அண்ணன் தாரைவார்ப்பதை ஊரே கண் கலங்கப் பார்க்கும். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. மலையத்துவச பாண்டியனின் மகளாக, தகப்பனின் அரசைப் பெற்ற பிறகுதான் அவள் மணமேடை ஏறுகிறாள். மதுரைக்காரர்கள் கல்யாணத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்து, பட்டாபிஷேகத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டோம்.

விலை பேசும்போது இன்னொரு ஓட்டை தெரிந்தது. வீடு 60 லட்சத்துக்குப் படிந்து வந்தது. அரசின் வழிகாட்டி மதிப்புப்படி 36 லட்சம். 36க்குப் பத்திரம் போட்டு மீதி 24ஐ ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் கேட்டார். வாங்குகிறவருக்குப் பத்திரச் செலவு மிச்சம். கிரையத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகிறது. சட்டப்படி அது குற்றம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். நான் போட்டது வேறொரு கணக்கு. பத்திரத்தில் இருக்கும் 36இல் அம்மாவின் கால்பங்கு 9 லட்சம். உண்மை விலையில் 15 லட்சம். அந்த 6 லட்சம் வித்தியாசம், பையில் வரும் பணத்தில் இருக்கிறது. பை யார் கைக்குப் போகும்? பெண்ணின் பங்கு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. காகிதத்துக்கு வெளியே போகும் ஒவ்வொரு ரூபாயும் அவள் பங்கிலிருந்தும் போகிறது. கறுப்புப் பணம் நாட்டுக்குக் கேடு என்று மேடையில் பேசுகிறோம். அது குடும்பத்துக்குள் முதலில் கைவைப்பது மனைவி, மகள் பங்கில்.

இதை அண்ணனிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கணக்கு தெரிந்தவன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முழுசும் வெள்ளையாவே போட்ருவோம்" என்றான். 50 லட்சத்தைத் தொடும் கிரையத்தில் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து வரியாகக் கட்ட வேண்டும். அதற்கு விற்கும் ஒவ்வொருவரின் பான் எண்ணும் தேவை. 76 வயதில் அம்மாவுக்கு முதன்முதலாகப் பான் கார்டு வாங்கினோம். தன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கும் திறந்தார். அட்டை வந்த அன்று, "இதுல ஒங்க அப்பா பேரு இல்லையேடி, எங்கப்பா பேருல்ல போட்ருக்கு" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீடு பார்க்க வந்தவர்களிடம் நான் கவனித்தது ஒன்று. ஆண்கள் பட்டாவையும், தெரு எத்தனை அடி என்பதையும், வாசல் எந்தத் திசை என்பதையும் கேட்டார்கள். பெண்கள் நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், போர்த் தண்ணி உப்பா, துணி எங்கே காயப்போடுவது, அடுப்படியில் நின்றால் காற்று வருமா, பக்கத்து வீட்டு ஜன்னல் குளியலறைக்கு எதிரே இருக்கிறதா என்று கேட்டார்கள். இவற்றுக்குப் பதில் தெரிந்த ஒரே ஆளை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு வீட்டைக் காட்டுவது எப்படி? இரண்டாவது வாரத்திலிருந்து அம்மாவே முன்னால் நடந்து காட்டினார். தரகர் வாயைத் திறக்கவில்லை.

வங்கிக் கடனில் வாங்க வந்த ஒரு தம்பதி. அந்தப் பெண் செவிலியர். அவள் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது அம்மா, "ஐப்பசி மழைக்கு இந்தச் சுவரு ஓதம் அடிக்கும்மா. மேல தளத்துல ஒரு விரிசல் இருக்கு. அத மொதல்ல பாத்துருங்க" என்றார். அண்ணன் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். ஆனால் விற்கிறவர் தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் கண்ணுக்குச் சட்டென்று படாத குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அம்மா அதைப் படித்ததில்லை. அவர்கள் தள வேலைக்கு என்று ஒரு லட்சம் குறைத்துக் கேட்டார்கள், கொடுத்தோம். 59 லட்சம். வாரிசுச் சான்றிதழில் இருந்த நால்வரும் விற்பவராகக் கையெழுத்துப் போடுகிறோம் என்றதும் வங்கி வழக்கறிஞருக்கு வேறு கேள்வி இல்லை. எங்கள் தெருவிலேயே எங்களுக்கு முன்பு விலை சொன்ன ஒரு வீடு, தங்கை கையெழுத்துக்காக இன்னும் நிற்கிறது.

அம்மா எங்கே இருப்பார் என்ற கேள்விக்கு அம்மாவே பதில் சொன்னார். அண்ணனின் அடுக்குமாடி வீட்டில் பால்கனியைத் தாண்டி உலகம் இல்லை, என் கல்லூரிக் குடியிருப்பில் பகலெல்லாம் தனிமை. தன் பங்கிலிருந்து 7 லட்சம் கொடுத்து திருநகரில் தரைத்தளத்தில் ஒரு சிறிய வீட்டை ஒத்திக்கு எடுத்துக்கொண்டார். ஆட்டுக்கல்லைக் கொண்டுபோக முடியவில்லை, அம்மி போயிருக்கிறது. அக்கா ஆடிக்கு அங்கேதான் வந்தாள். அண்ணனும் மதினியும் வந்தார்கள். மதினி இன்னும் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். அதற்கும் ஒரு விலை உண்டு, நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள் வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். விற்பவர் பட்டியலில் முதல் பெயர் அம்மாவுடையது. நான்கு மால், அளவு, கதவு ஜன்னல், மின் இணைப்பு எல்லாம் சரியாக இருந்தன. கடைசிப் பக்கத்தில், வாங்குகிறவர்கள் இந்தச் சொத்தைப் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. மகன், மகனுக்கு மகன் என்று வழிவழியாக. வாங்கும் இருவரில் ஒருத்தி பெண், அவர்களுக்கு இருப்பது ஒரே மகள். ஆவண எழுத்தரிடம் காட்டினேன். "எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தாம்மா இருக்கும், கம்ப்யூட்டர்லயே இருக்கு" என்றார். கம்ப்யூட்டரில் இருந்தால் மாற்றுவதும் சுலபம்தானே என்றேன். அந்தச் செவிலியர், "மாத்திருங்கண்ணே, எங்களுக்கும் அதான் வேணும்" என்றாள்.

'மகன், மகள் முதலான வாரிசுகள்' என்று அடித்துக் கொடுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தார். மறுநாள் தன் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.